குந்தலாவின் இரும்புச் சட்டி

வானத்தில் பொட்டு மேகம் இல்லை. குந்தலா பெஹெரா கடையடுப்பை அணைத்துவிட்டு, இரும்புச் சட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு புயல் காப்பகத்தின் படிகளில் ஏறிக்கொண்டிருக்கிறாள். மாதம் பிறக்கும் ஒவ்வொரு சங்கராந்தியன்றும் அவள் வடைக்கடை அந்த மாடியில்தான். வடையும் தொட்டுக்கொள்ளப் பட்டாணிக் குகுனியும் வேண்டுமென்றால் ஊர் மேலே ஏற வேண்டும்.

ஏறுகிறது, முனகிக்கொண்டே. "மழையும் இல்ல, காத்தும் இல்ல. வடை திங்க இத்தனை படியா அண்ணி?"

"ஏறிப் பழகு. தண்ணி வர்ற அன்னிக்குப் படி எங்கேன்னு தேடுவியா?"

இந்த ஒடிசாக் கரையில் புயலென்றால் வீட்டை விட்டு வந்துவிடுவார்கள். பிழைப்பை விட்டுத்தான் வர மாட்டார்கள். அவள் கணவன் தயாநிதியும் அப்படித்தான். போன புயலில் காப்பகம் வரை வந்தவன், "சட்டி போனா நாளைக்கு எதுல வடை சுடுறது?" என்று திரும்பிப் போனான். சட்டி மட்டும் சேற்றில் கிடைத்தது. அதைத் தேய்த்துக் கழுவி அதிலேயேதான் இன்றும் சுடுகிறாள். எப்படி மனம் வருகிறது என்று கேட்டவர்களுக்கு நல்ல வசவு கிடைக்கும்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பிடிவாதம். அதிகாரிகள் ஆட்களை வரச் சொல்கிறார்கள். இவள் தராசையும் ஆட்டையும் சேர்த்துக் கூப்பிடுகிறாள். தையல் மெஷினுக்கு மாடியில் ஒரு மூலை கிடைத்ததே இவள் போட்ட சண்டையால்தான். எதிர்க்கடைப் பீடாக்காரர் பிரமர் ஜேனா மட்டும் எதற்கும் அசையவில்லை.

இந்த ஐப்பசியில் எச்சரிக்கை மெய்யாகவே வந்தது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கத்திக்கொண்டு போனது. கடைத்தெருத் தகரங்கள் படபடத்தன. குந்தலா சட்டியோடு கிளம்பியபோது பிரமர் தன் மரப்பெட்டிமேல் கைவைத்து உட்கார்ந்திருந்தார். முழங்கால் வலிக்காரர், அந்தப் பெட்டியை அவரால் தூக்க முடியாது.

"எந்திரிங்கண்ணே."

"நீ போம்மா. பெட்டிய விட்டுட்டு நான் எங்க வர்றது? எம் பொழப்பே இதுக்குள்ளதான் கெடக்கு."

"அவரும் இப்படித்தான் சொன்னாரு." குரல் உடைந்தது. அதை மறைக்கச் சத்தம் போட்டாள். "கெழட்டுப் பிடிவாதம்!"

சட்டியை இறக்கி அவர் கடை வாசலில் வைத்தாள். பெட்டியைத் தூக்கித் தன் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

"ஏய், சட்டி! சட்டிய விட்டுட்டுப் போறியே!" பிரமர் கத்தியபடி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு பெட்டியின் பின்னால் வந்தார். குந்தலா திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையால் பெட்டியைத் தாங்கிக்கொண்டு, அவர் பிடித்துக்கொள்ள மறுகையைப் பின்னால் நீட்டினாள்.