பிளாண்ட்: ஓர் உதாரண வாக்கியம்

ஆங்கில-தமிழ் அகராதி தயாரிக்கும் அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்ப்பவளை வீட்டில் எல்லோரும் ‘அகராதி’ என்றே கூப்பிட்டார்கள். அதில் பாதி பெருமை, பாதி கிண்டல். அந்த அலுவலகத்தில் ஒரு பிடிவாதமான வழக்கம் உண்டு. உதாரண வாக்கியத்தை உட்கார்ந்த இடத்தில் ஜோடிக்கக் கூடாது. யாராவது வாய்விட்டுச் சொன்னதைக் காதால் கேட்டுத்தான் எழுத வேண்டும். அதனால் சாப்பாட்டு மேசையில் அவள் பென்சிலை எடுத்தால் போதும், கணவனும் பிள்ளைகளும் வாயை மூடிக்கொள்வார்கள்.

அப்படியும் ஒரு வாக்கியம் சிக்கியது. கணவன் வயிற்றுப் புண்ணோடு படுத்திருந்த பத்து நாளும், எதிர்வீட்டில் இருக்கும் அவனுடைய அக்கா வேளை தவறாமல் சூப் கொண்டுவந்தாள். “அக்கா வெக்கிற சூப் சப்புன்னு இருக்கு” என்று அவன் முனகியதை இவள் ஆங்கிலமாக்கி, ‘பிளாண்ட்’ (bland) என்ற சொல்லுக்குக் கீழே போட்டுவிட்டாள். பக்கத்திலேயே தமிழிலும் அச்சானது.

வீட்டுப்பாடத்துக்காக அகராதியைப் புரட்டிய நாத்தனாரின் மகள் நேரே அந்தப் பக்கத்தில்தான் போய் விழுந்தாள். யாருடைய சூப் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? அன்றோடு எதிர்வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. இரண்டு வருடம்! மாடிப்படியில் எதிரே வந்தால் நாத்தனார் சுவரைப் பார்த்துக்கொண்டே போவாள். இவளுக்கோ, அண்ணி என்று கூப்பிட்டுப் பழகிய அந்த நாத்தனார் இல்லாமல் வீடு வீடாகவே இல்லை. இரண்டு பிரசவத்துக்கும் கூட இருந்தவள் அவள்தான்.

இப்போது திருத்திய பதிப்பு வருகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போய்விடும். இதை விட்டால் அடுத்த பதிப்புக்குப் பத்து வருடம் ஆகும்; அதுவரை அண்ணியின் முதுகைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

அந்தச் சொல்லின் பிறப்பைத் தேடிப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. லத்தீனில் அது தேனொழுகப் பேசி ஆளை மயக்குவதற்கான சொல். பிறகு மென்மை, இதம் என்று இறங்கி, வயிற்றை உறுத்தாத சாப்பாட்டுக்குப் போய், கடைசியில் உப்புச்சப்பில்லாதது என்று பேர் வாங்கி நிற்கிறது. நடுவில் இருந்த ‘இதம்’ என்ற பொருளை முதல் பதிப்பில் விட்டது யார்? சாட்சாத் இவளேதான். தலையில் அடித்துக்கொண்டாள்.

நாத்தனாருக்கு வேலை மருத்துவமனைச் சமையலறையில். அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு அவள்தான் சமைப்பாள். விட்டுப்போன பொருளுக்கு ஓர் உதாரண வாக்கியம் தேடி, மதியம் பார்வையாளர் நேரத்தில் அகராதிக்காரி பென்சிலும் அட்டையுமாக அந்த மருத்துவமனை வார்டுக்குள் நுழைந்தாள். முதல் கட்டிலில் ஒரு லாரி டிரைவர் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தார். சூப் எப்படி என்று கேட்டாள்.

“சப்புன்னுதாம்மா இருக்கு. ஆனா ஆறு நாளா எதைத் தின்னாலும் வாந்தி. இது ஒண்ணுதான் உள்ள தங்குச்சு.”

எழுதி முடித்து நிமிர்ந்தால், தள்ளுவண்டியோடு நாத்தனார் நிற்கிறாள். கையை நீட்டி அட்டையை வாங்கி இரண்டு தடவை படித்தாள். ஒரு கிண்ணத்தில் சூப்பை ஊற்றி நீட்டினாள்.

“குடி.”

குடித்தாள். பிரமாதம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அதை அப்படியே விழுங்கினாள். பயமாகத்தான் இருந்தது.

“சப்புன்னு இருக்கு, அண்ணி.”

“இருக்கணும். அதுக்குத்தான் சம்பளம் தர்றாங்க.”

“அப்புறம் எதுக்கு அண்ணி ரெண்டு வருஷமா என்கிட்ட பேசல?”

“சப்புன்னு எழுதினதுக்கா எனக்குக் கோபம்? என் தம்பி வயித்துக்காகத்தான் அப்படி வெச்சேன். அதை நீ எழுதலையேடி!”

அகராதிக்காரிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. லாரி டிரைவர் பதறிப்போய், “அவ்ளோ மோசமாவா இருக்கு?” என்று கேட்டார்.

நாத்தனார் சிரித்துவிட்டாள். புடவைத் தலைப்பால் இவள் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

“அழுறதுன்னா வீட்டுக்கு வந்து அழு. இங்க சூப்புல உப்பு விழுந்தா டாக்டர் என்னைத் திட்டுவாரு.”