ரெட்பெர்க் பிரபு திருப்பிக் கொண்டுவந்த உத்தரவு

யோவாக்கிம் ஃபான் ரெட்பெர்க் பிறப்பால் பிரபு. ஆனால் மூன்றாவது மகன். பண்ணை மூத்தவருக்குப் போயிற்று. இவருக்குக் கிடைத்தவை ஒரு குதிரையும் குடும்பப் பெயரும்தான். முப்பத்திரண்டாம் வயதில் வால்டன்ஃபெல்ஸ் அரசரின் அட்ஜுடண்ட் ஆனார். அரசரின் உத்தரவைத் தளபதிகளிடம் ஒரு சொல்லும் பிசகாமல் சேர்க்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் அவர் பின்னால் நிற்க வேண்டும். விருந்தில் அரசர் முள்கரண்டியைக் கீழே வைத்தால் எல்லார் தட்டையும் எடுத்துவிடுவார்கள். மான்கறியை மெல்லாமல் விழுங்கப் பழகிக்கொண்டார் ரெட்பெர்க்.

பதினோராவது ஆண்டு, இலையுதிர்காலப் போர்ப்பயிற்சி. குன்றின்மேல் விருந்தாளிகளோடு நின்ற அரசர், "குதிரைப்படை ஆத்தைக் கடக்கட்டும். போய்ச் சொல்லும்" என்றார்.

மூன்று நாள் மழையில் ஆறு சேறாய்ப் புரண்டது. ரெட்பெர்க் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேரோடு ஒரு மரம் மிதந்து போயிற்று. கரையில் நானூறு குதிரைவீரர்கள். தளபதி ஹோல்ட்ஸ் வெளிறிய முகத்தோடு, "உத்தரவு என்னய்யா?" என்று கேட்டார்.

"இன்னும் வரல" என்று பொய் சொல்லிவிட்டுக் குதிரையைக் குன்றுக்கே திருப்பினார் ரெட்பெர்க்.

"சொல்லிட்டீரா?" என்றார் அரசர்.

"இல்லை மகாராஜா. வெள்ளம் ஆளை இழுக்குது."

"உம்மகிட்ட ஆழம் கேட்டேனா?"

விருந்தாளி ஒருவர் சிரித்தார். "அட்ஜுடண்டுக்குத் தண்ணின்னா பயம்போல!"

"பயம்தாங்க, அந்த நானூறு பேருக்காக. மகாராஜா, முதல்ல நான் இறங்கறேன். அக்கரை சேர்ந்தா நானே உத்தரவைச் சொல்லிடறேன்."

பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போய், மேலங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு ஆற்றுக்குள் குதிரையைச் செலுத்தினார். நடு ஆற்றில் அதற்குக் கால் எட்டவில்லை. பிடரியைப் பற்றியபடி அடித்துச் செல்லப்பட்டு, வெகுதூரம் தள்ளி இதே கரையில் ஒதுங்கினார். குதிரை பிழைத்தது, அவர் தோள்மூட்டு விலகியிருந்தது. குன்றிலிருந்து பயிற்சியை நிறுத்தும் ஊதுகொம்பு கேட்டது.

இரண்டு வாரத்தில் எல்லைக் கோட்டைக்கு மாற்றல் வந்தது. பெட்டி கட்டும்போது மனைவி ஒட்டிலி, "மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதினாப் போதுமாம், உங்க அண்ணன் சொல்றாரு" என்றாள்.

"என்ன தப்புக்குன்னு எழுதறது?"

அவள் சற்று யோசித்தாள். "அப்ப கம்பளியை மேலாக வைக்கிறேன். அங்க குளிர் அதிகம்."

ஆறு குளிர்காலம் அங்கே கழிந்தபின் அரசர் திரும்ப அழைத்தார். தாம் வர வேண்டுமென்றால் எந்த உத்தரவையும் ஒரு முறை திருப்பிக் கொண்டுவரத் தமக்கு உரிமை வேண்டும் என்று ரெட்பெர்க் எழுதினார். "ஒரே ஒரு முறை" என்று பதில் வந்தது. அன்றே புறப்பட்டார்.