ஆபிஸ் வைஃபையில் ஓடாத சர்வர்

அக்காவுக்கு வந்த ஆசிரியர் நேர்முகப் பரீட்சைக் கடிதம், எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபிஸ் மேசை லாச்சியில் பதினோரு நாள் கிடந்தது. கைக்கு வந்தபோது பரீட்சை முடிந்திருந்தது. நாங்கள் இருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குத் தனி விலாசம் இல்லை. எல்லாக் கடிதமும் ஆபிசுக்குத்தான் வரும். அக்கா அழவில்லை. அடுத்த திங்கட்கிழமை அம்மாவோடு கொழுந்து எடுக்கப் போனாள்.

நான் அப்போது ஹட்டனில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஜாவாஸ்கிரிப்டில் சர்வர் எழுதப் பழகிய புதிது. கடிதம் வந்ததும் யாருக்கு வந்தது என்று ஆபிஸ் கிளாக்கர் பதிந்தால், உரியவர் தன் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். அதைத்தான் புராஜெக்டாகச் செய்தேன். விவரங்களை இணையத்தில் ஓர் இலவச டேட்டாபேஸில் வைத்திருந்தேன். வீட்டில், என் போன் டேட்டாவில், நன்றாக ஓடியது.

பெரிய கிளாக்கரிடம் கெஞ்சி, நாங்கள் துரை என்று கூப்பிடும் தோட்ட மேனேஜரிடம் காட்ட நேரம் வாங்கினேன். ஆபிஸ் வைஃபையில் லேப்டாப்பை இணைத்து சர்வரை ஓட்டினால், டேட்டாபேஸோடு இணைய முடியவில்லை என்று திரை நிறையப் பிழைச் செய்தி. முதல் வரிக்கு மேல் நான் வாசிக்கவில்லை. பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்தேன். நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன். துரை கடிகாரத்தைப் பார்த்தார்.

"நம்ம புள்ளைங்களுக்கு இதெல்லாம் எதுக்குங்க துரை?" என்று சிரித்தார் கிளாக்கர். அவரும் லயத்தில் பிறந்தவர்தான்.

துரை எழுந்து போனார். வெளியே படியில் உட்கார்ந்து, அந்தச் செய்தியை அப்போதுதான் முழுதாக வாசித்தேன். இந்த இணைப்பின் முகவரி அனுமதிப் பட்டியலில் இல்லை என்று மூன்றாவது வரியிலேயே இருந்தது. என் போன் இணைப்பை மட்டும்தான் நான் பதிந்திருந்தேன். ஆபிஸ் இணைப்பையும் சேர்த்து, பாஸ்வேர்டைப் பழையபடி ஆக்கி ஓட்டினேன். இணைந்துவிட்டது. தலையை நிமிர்த்தினால், துரையின் ஜீப் ஃபெக்டரி வளைவில் ஏறிக்கொண்டிருந்தது.

உள்ளே ஓடினேன். "சரியாயிருச்சுங்க ஐயா, இப்ப பாருங்க!"

"துரை வேணாம்னுட்டாரும்மா. நோட்டுல எழுதுனா போதுமாம்."

"எந்த நோட்டுங்க ஐயா?"

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் செய்தியை முதலிலேயே முழுதாக வாசித்திருந்தால் துரை சரியென்றிருப்பார் என்று புலம்பினேன்.

"அவங்களுக்கு வேணும்னா இன்னொரு நாள் வரச் சொல்லியிருப்பாங்க," என்றாள்.

ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னாள். என் தப்பாகவே இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. என் தப்பென்றால், அதையாவது நான் திருத்திக்கொள்ளலாம்.