வலது குதிகாலும் ஊரின் இடது கிருதாவும்

அந்தத் தெருவில் இரண்டு சலூன்கள், எதிரெதிரே. ஒன்றை நடத்துபவருக்கு ஜனங்கள் வைத்த பெயர் கொடிக்கம்பம். காலையில் ஷட்டரைத் தூக்கினால் மறுபடி இறக்கும்வரை அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. மதியச் சாப்பாட்டைக்கூடக் கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில் டப்பாவை வைத்து, நின்றபடியே முடிப்பார். வாடிக்கையாளர்களுக்கான பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் பெஞ்சே மரியாதைக்கு எழுந்துவிடும் என்று பேச்சு.

மற்றவர் சக்கரத்தார். இந்தப் பட்டத்தைச் சூட்டியவர் நம் கொடிக்கம்பம்தான். எதிர்க்கடைக்காரர் சக்கரம் வைத்த ஸ்டூலில் உட்கார்ந்து, தலையைச் சுற்றிச் சுற்றி உருண்டு வந்து முடி வெட்டுவார். "உக்காந்துக்கிட்டு வெட்டினா அது முடியா, வெங்காயமா?" என்று கொடிக்கம்பம் கேட்பார். கேட்பது தன் வாடிக்கையாளரிடம்தான். குரல் மட்டும் தெருவைத் தாண்டிப் போகும்.

இவ்வளவு பகைக்கும் மாதத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு. அன்று கடைகளுக்கும் விடுமுறை. சக்கரத்தார் தெருவைக் கடந்து வருவார், ஷட்டர் பாதி இறங்கும், இருவரும் ஒருவர் தலையை ஒருவர் வெட்டிக்கொள்வார்கள். தன் தலையைத் தானே வெட்டிக்கொள்ள முடியாத தொழிலில் எதிரியை விட்டால் வேறு யாரை நம்புவது?

இப்படி நின்றே வாழ்ந்த மாமனிதர் கொடிக்கம்பம் ஒரு நாள் காலை படுக்கையிலிருந்து இறங்கி முதல் அடி வைத்தபோது, வலது குதிகாலில் யாரோ ஆணி அடித்தார்கள். குளியலறைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஆணியைப் பிடுங்கிக்கொண்டும் போய்விட்டார்கள். தானாகப் போன வலிக்குத் தனி மரியாதை எதற்கு என்று அவர் அதை மறந்தார். அது அவரை மறக்கவில்லை. தினமும் காலையில் தவறாமல் வந்தது. அவர் ஒவ்வொருவராகக் குற்றம் சாட்டினார். முதலில் செருப்பு. பிறகு தரை. பிறகு மெத்தை. மெத்தையின் அந்தப் பக்கத்தில்தான் கோளாறு என்று முடிவு கட்டி மனைவியோடு இடம் மாற்றிக்கொண்டார். மனைவிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

"என்னங்க, எழுந்ததும் பீரோவைப் பிடிக்கிறீங்க, அப்புறம் ஃபிரிட்ஜைப் பிடிக்கிறீங்க. என்ன விஷயம்?"

"கதவு சரியா மூடியிருக்கான்னு பாக்குறேன்."

"தினமுமா?"

"கதவு தினமும்தானே இருக்கு?"

வலி என்று வாயைத் திறந்தால் உட்காரச் சொல்வார்கள். உட்கார்ந்தால் வெங்காயம். உட்காராமல் கடையை மூடிவிட்டுப் படுத்தாலோ, ஊரின் தலைகள் எல்லாம் வரிசையாக எதிர்ப்பக்கம் போய்விடும். ஆகவே அவர் பாரத்தை இடது காலுக்கு மாற்றினார். கம்பம் மெல்ல இடது பக்கம் சாய்ந்தது. சாய்ந்தவர் கண்ணுக்குச் சாய்ந்ததெல்லாம் நேராகத் தெரியும். அவர் கத்தி அதை அப்படியே நம்பியது.

"அண்ணே, இடது கிருதா கொஞ்சம் இறங்கின மாதிரி இல்ல?" என்று ஒருவன் கேட்டான்.

"தம்பி, இப்ப அதுதான் ஸ்டைல். ரெண்டும் சமமா இருந்தா அது உங்க அப்பா காலம்."

அவன் பெருமையோடு போனான். அடுத்த வாரம் இரண்டு நண்பர்களைக் கூட்டிவந்து, அதேபோல் வேண்டும் என்றான்.

மனைவி வேலை பார்ப்பது படங்களுக்குச் சட்டம் போடும் கடையில். கோணலாக மாட்டிய படம் இருக்கும் வீட்டில் அவள் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். எழுந்து போய் நேராக்கிவிட்டுத்தான் குடிப்பாள். மகள் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தபோது கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. முன்னால் அப்பாக்களின் பின்கழுத்துகள். முதல் கழுத்தில் முடிக்கோடு இடது பக்கம் இறங்கியிருந்தது. பாவம், பிறவிக் கோணல் என்று நினைத்தாள். அடுத்த கழுத்தும் அப்படியே. அந்த வரிசை முழுக்க அப்படியே. தலைமையாசிரியர் மேடையில் திரும்பினார். அவருக்கும் அப்படியே. மகளின் கணக்கு மதிப்பெண் பற்றி ஆசிரியை சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

மறுநாள் தன் கடையிலிருந்து, சட்டம் கோணாமல் இருக்கிறதா என்று பார்க்கும் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு நேராகச் சலூனுக்கு வந்தாள். நாற்காலியில் ஒருவர் முகம் நிறைய நுரையோடு உட்கார்ந்திருந்தார்.

"அசையாம நில்லுங்க" என்று கணவரின் இரு தோள்களுக்கும் குறுக்கே ரசமட்டத்தை வைத்தாள். காற்றுக்குமிழி ஒரே ஓட்டமாக வலது ஓரத்துக்கு ஓடி ஒட்டிக்கொண்டது.

"என்னம்மா இது? நான் என்ன சுவரா?"

"சுவரா இருந்தா இடிச்சுக் கட்டியிருப்பேன். எந்தக் கால்?"

"அண்ணி, அப்ப என் தலை?" என்றது நுரை.

"உங்க தலை நேராத்தான் இருக்குண்ணே. வெட்டினவருதான் கோணல்."

கொடிக்கம்பம் கோபமாக இரண்டு காலையும் ஊன்றி நிமிர்ந்தார். குதிகால் சுரீரென்றது. அப்படியே கண்ணாடியைப் பார்த்தார். நுரைக்கு மேலே, இடது கிருதா வலதைவிட ஒரு விரல் இறங்கியிருந்தது. தன் கை இப்படி ஒரு வேலையைச் செய்யும் என்று வேறு யார் சொல்லியிருந்தாலும் சட்டையைப் பிடித்திருப்பார். கத்தியை மடித்துப் பலகையில் வைத்தார்.

"வலது" என்றார்.

அன்று மாலை கிளினிக்கில் டாக்டரம்மா குதிகாலில் கட்டைவிரலை ஒரே இடத்தில் அழுத்தினார். கொடிக்கம்பம் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்களில் இருவர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"எவ்வளவு நாளா?"

"இப்பத்தான் டாக்டரம்மா."

"ஃபிரிட்ஜைப் பிடிக்க ஆரம்பிச்ச நாள்ல இருந்து" என்றாள் மனைவி.

"நடந்தா சரியாயிடுதே?" என்று அவர் வாதாடினார்.

"சரியாகல, கொஞ்சம் இளகுது, அவ்வளவுதான். குதிகால்ல இருந்து விரல் வரைக்கும் அடியில ஒரு பட்டை இருக்கு. நாளெல்லாம் கல் தரையில நின்னு அது நொந்து போயிருக்கு. ராத்திரி இறுகும், காலையில முதல் அடியில சுளீர்னு இழுக்கும். இன்னும் நாள் கடத்தியிருந்தா வருஷக்கணக்குல படுத்தும். நல்லவேளை, இப்பவாவது வந்தீங்க."

டாக்டரம்மா பட்டியல் போட்டார். கட்டிலைவிட்டு இறங்கும் முன் துண்டைப் பாதத்தில் மாட்டி விரல்களை இழுக்க வேண்டும். சுவரில் கைவைத்துக் கெண்டைக்காலை நீட்ட வேண்டும். குளிர்ந்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்தின் கீழ் உருட்ட வேண்டும். தேய்ந்த செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு மெத்தென்ற ஷூ வாங்க வேண்டும். நிற்கும் இடத்தில் தடித்த ரப்பர் விரிப்பு வேண்டும்.

"அப்புறம், நடுநடுவே உக்காந்து வேலை செய்யுங்க."

"உக்காரணுமா?" என்றார், காலையே வெட்டி எடுக்க வேண்டும் என்று சொல்லக் கேட்டவர் போல.

ஸ்டூலை மனைவியே வாங்கி வந்தாள். அதற்கும் சக்கரம் இருந்தது. முதல் முறை உட்கார்ந்து காலால் உந்தியவர், நேரே போய்க் கைகழுவும் தொட்டியில் முட்டி நின்றார்.

விடுமுறை நாள் வந்தது. சக்கரத்தார் பாதி ஷட்டருக்கடியில் குனிந்து உள்ளே நுழைந்தார். ரப்பர் விரிப்பையும் மெத்தென்ற ஷூவையும் ஸ்டூலையும் பார்த்தார். அதன்மேல் இருந்தவரையும் பார்த்தார். நாற்காலியில் அமர்ந்து துணியைக் கழுத்தில் தானே கட்டிக்கொண்டார்.

"எனக்கும் இதே குதிகால்தான். அப்ப வாங்கினதுதான் அந்த ஸ்டூல்" என்றார் கண்ணாடியைப் பார்த்து.

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீ எங்கய்யா பேச விட்டே? போன தடவை நீ வெட்டின கிருதாவைக்கூட வீட்ல போய் நானே தடவித் தடவிச் சரி பண்ணிக்கிட்டேன்."

"அதையாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா ஸ்டைல்னு சொல்லுவே."

கொடிக்கம்பம் கத்தரியை எடுத்தார். வலது பக்கம் முடித்து, உருண்டு போய் இடது பக்கம் முடித்தார். பலகை மேலிருந்த ரசமட்டத்தை எடுத்து இரண்டு கிருதாவுக்கும் நேராகப் பிடித்தார். குமிழி நட்டநடுவில் நின்றது.

சக்கரத்தார் கண்ணாடியில் அதையும் பார்த்துக்கொண்டார்.

"வெங்காயம் நறுக்கியாச்சா?"

"இன்னும் பின்கழுத்து இருக்கு. வாயை மூடிக்கிட்டுத் தலையைக் குனி."