மூட்டுக்குள் எழுதிய பெயர்

பட்டறையில் எல்லோருக்கும் அவள் பாலிஷக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த ரம்பக்காரருக்குக்கூட அக்காதான். பெயர் சொல்லிக் கூப்பிட அப்பா ஒருவர் இருந்தார். அவரும் போய்ச் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அவர் போனதும் பட்டறை தம்பி கைக்கு வந்தது. உப்புத்தாளும் பாலிஷ் துணியும் அவள் கைக்கு வந்தன. இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. பாத்திரம் யார் கழுவுவது என்று எந்த வீட்டில் பேசி முடிவு செய்கிறார்கள்? அந்த மாதிரிதான் இதுவும்.

அவள் வேலை, தம்பியின் தப்பை மறைப்பது. அப்படிச் சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். சொல்லாவிட்டாலும் அதுதான் வேலை. நாற்காலிச் சட்டத்தின் முனையை மெலிதாகச் செதுக்கி முளையாக்குவார்கள். காலில் குடைந்த துளைக்குள் அந்த முளை இறுக்கமாகப் போய் உட்கார வேண்டும். நாற்காலியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. தம்பி முளையை அரை அங்குலத்துக்கு மேல் விடமாட்டான். துளையை மிஷினில் கண்டமேனிக்குக் குடைவான். முளை உள்ளே போய் லொடலொடவென்று ஆடும். ஒரு கை பசையை ஊற்றி, ஓர் ஆணியையும் அறைந்துவிட்டு, "அக்கா, பாத்துக்க" என்று நகர்ந்துவிடுவான். அவள் மரத்தூளையும் பசையையும் குழைத்துப் பட்டி வைப்பாள், காயவிடுவாள், உப்புத்தாளால் தேய்ப்பாள், பாலிஷ் போடுவாள். அதன் பிறகு எவன் தலைகீழாக நின்று பார்த்தாலும் இடைவெளி தெரியாது. இரண்டு வருஷத்தில் அதே நாற்காலி ஆட்டம் கண்டு ரிப்பேருக்கு வரும். மரச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினால் மூட்டு கையோடு வந்துவிடும். மறுபடியும் பசை, மறுபடியும் பட்டி.

பட்டறையில் ஜன்னலோரமாக, மரத்தை வைத்து வேலை செய்யும் அப்பாவின் பெஞ்சு கிடந்தது. காலை பத்து மணி வரை வெளிச்சம் நேராக அதன்மேல்தான் விழும். மரத்தில் கோடு போட அதைவிட நல்ல இடம் அங்கே கிடையாது. இப்போது அதில் தம்பியின் சாப்பாட்டுக் கேரியரும், பாட்டுப் பெட்டியும், போன வருஷத்துக் காலண்டரும் குடியிருந்தன. அவளோ தரையில் கோணிச் சாக்கை விரித்து, கால் மரத்துப்போக உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெஞ்சு தனக்கு வேண்டும் என்று அவள் எத்தனையோ முறை கேட்டுவிட்டாள். பாலிஷ் போடுறவளுக்குப் பெஞ்சு எதற்கு என்பதுதான் பதில்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்: "இந்த முளைய இன்னும் ஒரு அங்குலம் நீளமா வெட்டினா கை தேஞ்சா போயிடும்?"

தம்பி சிரித்தான். "நீ ஒரு நாற்காலி தனியா செஞ்சு காட்டுக்கா. அப்பா பெஞ்ச உனக்கே குடுத்துடறேன்."

ரம்பக்காரரும் சிரித்தார். முதலாளி சிரிக்கும்போது சும்மா நின்றால் நன்றாக இருக்காது அல்லவா? சொன்னவன் அன்று மாலைக்குள் அதை மறந்துவிட்டான். அவள் மறக்கவில்லை.

டயர் கடைக்கு மேலே மாடியில் ஒரு சின்ன மரவேலைப் பள்ளி இருந்தது. ஆறு பெஞ்சு, ஞாயிறு மட்டும் வகுப்பு, எட்டு மாதம். கற்றுக்கொடுக்கிறவனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கண்ணாடி போட்டுக்கொண்டு, தலைமுடியெல்லாம் மரச்சுருளாக நிற்பான். அவளுக்கு அப்போது நாற்பத்தாறு. கூடப் படித்தவர்களில் ஒரு பல் டாக்டர் இருந்தார். வேலையை விட்டுவிட்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாத ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். முதல் நாள் வாத்தியார் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர்களைப் படித்தான். அவள் பெயரை மூன்று முறை கூப்பிட்டான். மூன்றாவது முறைதான் அது தன் பெயர் என்று அவளுக்கு உறைத்தது. எழுந்து நின்றபோது கண் கலங்கிவிட்டது. தூசி என்று பல் டாக்டரிடம் சொல்லிச் சமாளித்தாள்.

முதல் மாதம் முழுக்க உளி தீட்டுவதும் இழைப்புளி பிடிப்பதும்தான். பள்ளியில் மருந்துக்குக்கூட உப்புத்தாள் கிடையாது. "இழைப்புளி சரியா ஓடினா, தேய்க்க வேண்டிய அவசியமே இல்ல மேடம்" என்றான். இருபத்திரண்டு வருஷம் தேய்த்தே காலம் தள்ளியவளிடம் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? அன்று வீடு திரும்பும்போது அவனை மனதுக்குள் நன்றாகத் திட்டினாள்.

மூன்றாம் மாதம் முதல் மூட்டு. முளை ஓர் ஓரத்தில் நகக்கண் அளவு இடைவெளி விட்டுவிட்டது. அவள் யோசிக்கவே இல்லை. கை தானாகத் தரையில் கிடந்த மரத்தூளை அள்ளியது, பசையில் குழைத்தது, இடைவெளியில் திணித்தது, கட்டைவிரலால் வழித்தது. முடித்து நிமிர்ந்தால் வாத்தியார் எதிரே நிற்கிறான்.

"என்ன மேடம் இது?"

"ஒண்ணுமில்ல சார், பட்டி."

"இவ்வளவு அழகா யாரும் பட்டி வச்சு நான் பாத்ததில்ல" என்று உண்மையாகவே வியந்தான். பிறகு ரம்பத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தான். "அறுத்துப் போட்டுட்டு மொதல்லேருந்து செய்யுங்க. தப்பு கண்ணுக்குத் தெரிஞ்சாதான் அடுத்த தடவ கை திருந்தும்."

பல் டாக்டர் எதிரிலேயே அறுத்தாள். மானம் போனது. ஆனால் அதற்குப் பிறகு பதினோரு மூட்டு அறுத்தாள், ஒன்றில்கூடப் பட்டி வைக்கவில்லை. பன்னிரண்டாவது மூட்டில் முளை உள்ளே போகும்போது 'புஸ்' என்று காற்று வெளியேறும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்காக அவள் இன்னும் பத்து வருஷம் படிக்கத் தயாராக இருந்தாள்.

எட்டாம் மாதம் நாற்காலி முடிந்தது. முளைகள் ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குலம். கடைசி மூட்டுக்குப் பசை தடவும் முன் வாத்தியார் ஒரு பென்சிலை நீட்டினான். அது அந்தப் பள்ளியின் வழக்கம்.

"முளைமேல உங்க பேர எழுதுங்க மேடம்."

"உள்ள போயிட்டா யாருக்கு சார் தெரியப் போகுது?"

"யாருக்கும் தெரியாது. ஆனா என்னைக்காவது மூட்டு கழண்டு வந்துச்சுன்னா, யாரத் திட்டணும்னு தெரியணும்ல?" என்று சிரித்தான்.

அவளும் சிரித்துக்கொண்டே முழுப் பெயரையும் எழுதினாள். தன் கையால் தன் பெயரை எழுதி எத்தனை நாளாயிற்று என்று நினைத்துப் பார்த்தாள். பசை தடவி, முளையைத் துளைக்குள் இறக்கி, கிளாம்பை முறுக்கினாள்.

நாற்காலியைப் பட்டறையில் கொண்டுவந்து இறக்கியபோது தம்பி முதலில் அதில் உட்கார்ந்தான். ஆட்டிப் பார்த்தான். கவிழ்த்துப் போட்டு, குறை கண்டுபிடித்தே தீருவது என்று ஒவ்வொரு மூட்டாகத் தடவினான். ஒன்றும் கிடைக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றான், வாயில் எதையோ வைத்துக்கொண்டு சொல்வதுபோல. "வாசல்ல போடு. நாலு பேரு பாக்கட்டும்."

"பெஞ்சு?"

"பாக்கலாம்க்கா. மொதல்ல அதுல இருக்கற சாமானுக்கெல்லாம் எடம் பண்ணணும்ல?"

ஒரு கேரியரும் ஒரு பாட்டுப் பெட்டியும். அதற்கு இடம் பண்ண அவனுக்கு மூன்று வாரம் போதவில்லை. நாலாவது வாரம் ஒரு நூலகர் வந்தார். புதிய வாசிப்பறைக்கு நாற்காலி வேண்டுமாம். வாசலில் கிடந்ததில் உட்கார்ந்தவர் கால் மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. எழுந்ததும், "இதே மாதிரி அறுபது வேணும்" என்றார். "யார் செஞ்சது இது?"

அவள் உள்ளே தரையில் உட்கார்ந்து ஒரு கட்டில் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"நான்தான் சார்" என்றான் தம்பி. "அப்பா காலத்துலேருந்து நம்ம கை இது."

கொஞ்சம் தயங்கியிருந்தால்கூட மன்னித்திருப்பாள். அவன் தயங்கவே இல்லை. எழுந்து வெளியே வந்தாள். "சார், அத செஞ்சது நான்."

தம்பி ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "அக்காதான் சார் பாலிஷ். பாலிஷ் இல்லாம நாற்காலி ஏது?" என்று அவள் தோளில் கை போட்டான்.

அவள் தோளை உதறினாள். நூலகர் அவளைப் பார்த்தார், கறை படிந்த விரல்களைப் பார்த்தார், பிறகு ரம்பக்காரரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க, யார் செஞ்சது?"

அவள் நாற்காலியை இறக்கிய அன்று அதைத் தூக்கி உள்ளே வைத்தவரே ரம்பக்காரர்தான். "நான் ரம்பத்தோட சரி சார்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து, கூர்மையாக இருந்த ரம்பத்தையே மறுபடியும் கூர் தீட்ட ஆரம்பித்தார்.

"என் பேரு உள்ள இருக்கு" என்றாள் அவள். "மூட்டுக்குள்ள, முளைமேல."

"எங்க, காட்டு" என்றான் தம்பி.

இங்கேதான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். இருபத்திரண்டு வருஷமாக இரண்டே தட்டில் மூட்டுகளைக் கழற்றிப் பழகியவள் அவள். ரிப்பேருக்கு வந்தவை எல்லாம் தம்பி செய்த நாற்காலிகள் என்பதும், இது தான் செய்தது என்பதும் அந்த நேரத்தில் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. மரச் சுத்தியலை எடுத்து நாற்காலியைச் சாய்த்துப் பின்காலில் தட்டினாள். மூட்டு அசையவில்லை. ஓங்கித் தட்டினாள். அசையவில்லை. மூன்றாவது அடிக்கு மூட்டு அப்படியே இருக்க, அதற்கு ஒரு சாண் மேலே கால் நார் நாராகப் பிளந்தது.

அவள் பிளந்த காலைக் கையில் வைத்துக்கொண்டு, பெயர் இருக்கும் மூட்டைப் பார்த்தபடி நின்றாள்.

நூலகர் நல்ல மனிதர். "விடுங்கம்மா, விடுங்க" என்று அவள் கையிலிருந்து சுத்தியலை மெல்ல வாங்கிக் கீழே வைத்தார். பிறகு தம்பியிடம் தணிந்த குரலில், "அம்மாவுக்கு உடம்பு ஏதாவது…?" என்று கேட்டார்.

"ரொம்ப நாளா பாலிஷ் வாசனையிலேயே இருக்காங்க சார்" என்றான் தம்பி.

அந்த ஞாயிறு உடைந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள். ஏன் போனாள் என்று அவளுக்கே தெரியாது. வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மேடம், மரமே பிளந்திருக்கு, மூட்டு துளிகூட அசையலையே! இத இங்க சுவத்துல மாட்டி வச்சுக்கலாமா? அடுத்த பேட்ச் பாக்கணும்."

அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவளுக்கு அவனை ஓர் அறை விடலாம்போல இருந்தது. "வச்சுக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள்.

அறுபது நாற்காலி ஆர்டர் தம்பிக்குத்தான் வந்தது. அவள் வரைந்த அளவுகளையே எடுத்துக்கொண்டான், முளையை மட்டும் அரை அங்குலமாகக் குறைத்துக்கொண்டான். வேலை வேகமாக நடக்க வேண்டும் என்று புதிதாக ஒரு துளை மிஷினும் வாங்கினான். ஒரே நாளில் கேரியருக்கும் பாட்டுப் பெட்டிக்கும் வேறு இடம் கிடைத்துவிட்டது. காலியான அப்பாவின் பெஞ்சில் நாலு துளை போட்டு, மிஷினை போல்ட் வைத்து முடுக்கினார்கள்.

அவள் ஒரு வாரம் பட்டறைப் பக்கம் வரவில்லை. எட்டாம் நாள் வந்தாள். வராமல் எங்கே போவாள்? இன்னொரு பட்டறையிலும் அவளுக்கு உப்புத்தாளைத்தான் கொடுப்பார்கள். கோணிச் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். பூட்டுவதற்கு முன் ஒரு தடவை சட்டங்களைத் தேய்த்துக் கொடுப்பதும் அவள் வேலை; அது முடிந்த பிறகுதான் பசை, ஆணி எல்லாம். ஒரு சட்டத்தைத் தேய்த்து முடித்ததும் இடுப்பில் செருகியிருந்த பென்சிலை எடுத்து முளையில் எழுதினாள். அரை அங்குலத்துக்குள் அடங்க வேண்டும் என்பதால் எழுத்தைப் பொடியாக்க வேண்டியிருந்தது.

தம்பி பார்த்துவிட்டான். "என்னக்கா எழுதற? மறுபடியும் உன் பேரா?"

"இல்ல. உன் பேரு."

நம்பாமல் சட்டத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான். அவன் பெயர்தான். அவன் முகம் மலர்ந்தது. இத்தனை வருஷத்தில் அக்காவுக்கு இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது என்பதுபோல ரம்பக்காரரைப் பார்த்துத் தலையாட்டினான்.

"எல்லாத்துலயும் எழுதப் போறியா?"

"அறுபதுலயும்."

"எழுது எழுது. அழியாம நல்லா அழுத்தி எழுது" என்று சட்டத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

அவள் பென்சிலை இன்னொரு தரம் சீவிக்கொண்டு அழுத்தியே எழுதினாள்.