காலரில் இருந்த ஊர்

எங்கள் சபையில் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை காலைகளில், தெருவில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டும் ஊழியம் உண்டு. ஆர்.எஸ்.புரத்துக் கடைப் படிக்கட்டுகளிலும் ரயில் நிலைய வாசலிலும் படுத்திருப்பவர்களைக் கெஞ்சிக் கூத்தாடி வேனில் ஏற்றி, ஆலய வளாகத்துக்குக் கொண்டுவருவோம். முடி வெட்ட ஒருவர், சோப்புப் போட்டுத் தேய்க்க இருவர், சாப்பாடு பரிமாறப் பெண்கள். எனக்கு ஒரு தகர டிரம். அவர்கள் கழற்றிப்போடும் துணிகளை அதில் போட்டு எரிப்பது என் வேலை.

நானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலைதான். பம்பு கம்பெனியில் தரம் பார்க்கிற உத்தியோகம் எனக்கு. தேறாததைத் தூக்கி ஓரமாகப் போடுவதில் இருபது வருஷப் பழக்கமும் கொஞ்சம் மிதப்பும் உண்டு. எரித்தால் பேனும் சொறியும் துணியோடு தொலையும். எரிக்காமல் விட்டாலோ, அடுத்த முறையே பழசை மாட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். பாக்கெட்டைத் துழாவாமல் எதையும் நெருப்பில் போட்டதில்லை என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொள்வேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை வந்த ஆளுக்கு அறுபது வயது இருக்கும். வேனில் வரும்போது வாயே திறக்கவில்லை. பேர் கேட்டாலும் பதில் இல்லை, ஊர் கேட்டாலும் பதில் இல்லை. போட்டிருந்த கட்டம்போட்ட சட்டை எந்த நிறத்தில் பிறந்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும். அதைக் கழற்ற விடாமல் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பொறுமை குறைவு. "விடுங்க பெரியவரே, புதுசு தர்றோமுங்க" என்று சொல்லிக்கொண்டே உருவி எடுத்துவிட்டேன். பாக்கெட்டில் ஒரு பீடித் துண்டு. அவ்வளவுதான். டிரம்மில் போட்டேன்.

சோப்பு நுரை வழிய வழிய அவர் ஓடிவந்தார். "எரிச்சுப்போடாதீங்க! அதுல எங்கூரு இருக்குதுங்க!"

இருவர் ஓடிவந்து அவரைப் பிடித்துக்கொண்டார்கள். நான் சிரித்தேன். சிரித்ததோடு நிற்கவில்லை. "புதுச் சட்டையில புது ஊரே இருக்குதுங்க, வாங்க" என்று கேலியும் பேசினேன். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அதற்குள் நெருப்பு சட்டையின் கழுத்துக்கு வந்துவிட்டது. காலர் சுருண்டு மடங்கியபோது உள்பக்கம் சின்னதாக ஒரு வெள்ளைத் துணி தெரிந்தது. தையல்கடைக்காரர்கள் வைத்துத் தைக்கிற லேபிள். சிவப்பு நூலில் எழுத்துகள். சுவரில் ஒட்டிய நோட்டீசைப் போகிற போக்கில் படிப்பதுபோலப் படித்தேன். பிறகு அது கருகிவிட்டது.

ஆயர் வந்து அவர் தலையில் கைவைத்து ஜெபம் செய்தார். மழுங்கச் சிரைத்த முகத்தோடு ஒரு படம் எடுத்தோம். சபை நடத்தும் காப்பகத்தில் அவருக்கு ஒரு கட்டில் கிடைத்தது. "எப்பப் பாத்தாலும் காலருக்குள்ள வெரலவிட்டுத் தடவிக்கிட்டே இருக்காருங்க" என்று காப்பகத்து அம்மா சொன்னார். அரிப்பு என்று நினைத்துப் பவுடர் வாங்கிக் கொடுத்தோம்.

ஒரு மாதத்தில் அவருக்கு நெஞ்சுச் சளி முற்றிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சொந்தக்காரர்கள் இருந்தால் சீக்கிரம் வரச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொன்னதும், விவரம் எழுதிக்கொள்ள ஒரு போலீஸ்காரர் வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"போட்டிருந்த சட்டையில டெய்லர் லேபிள் இருந்துச்சுங்களா? கடை பேரும் ஊரும் அதுல இருக்குமுங்க. ஆளு தெரியாத கேசுன்னா நாங்க மொதல்ல காலரத்தானுங்க பாப்போம்."

"கவனிக்கலைங்க" என்றேன். பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்ன பொய்.

அன்று முழுக்க அந்தச் சிவப்பு எழுத்துகளை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். கடைசியில் 'பட்டி' என்று முடிந்தது மட்டும் நிச்சயம். எங்கள் பக்கம் பட்டி என்று முடிகிற ஊர்களுக்கா பஞ்சம்? கருமத்தம்பட்டியாக இருக்கலாம் என்று தோன்றியது. திரும்பத் திரும்ப நினைத்ததில், அதைத்தான் படித்தேன் என்று பாதி நம்பவும் தொடங்கிவிட்டேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கருமத்தம்பட்டிக்குப் போனேன். தறிச் சத்தத்துக்கு நடுவே தையல்கடை தையல்கடையாக ஏறி, போனில் இருந்த படத்தைக் காட்டினேன். யாருக்கும் தெரியவில்லை. கடைசிக் கடையில் இருந்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"மொகத்த வெச்சு என்னங்க பண்றது? சட்டையக் கொண்டாங்க. நாந் தெச்சதா இருந்தா தொட்டாலே சொல்லிப்போடுவேன்."

சட்டை இல்லை என்றேன். "என்னாச்சுங்க?" என்று கேட்டார். போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்தவர் சாவு வீட்டுக்குப் போகிறேன் என்று நினைத்திருப்பார்.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் விழித்திருந்தார். கட்டிலருகே குனிந்து, "ஏனுங்க, உங்க ஊரு எதுங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதிதான் வந்தது.

"மறந்து மறந்து போயிருதுங்க. யாராச்சும் படிச்சவங்ககிட்டக் காலரக் காட்டிக் கேட்டுக்குவேன். நீங்கதானுங்க கடைசியாப் பாத்தீங்க. என்னன்னு போட்டிருந்துச்சு, சொல்லுங்க."

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். எரித்தது நான்தான், மன்னித்துவிடுங்கள் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கருமத்தம்பட்டிங்க" என்றேன்.

"கருமத்தம்பட்டி" என்று ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். இன்னொரு முறை சொன்னார். "ஆமாங்க" என்றார். "அங்க பஸ்ஸு போகுதுங்களா?" என்று கேட்டார்.

"போகுதுங்க. நான் கூட்டிட்டுப் போறேனுங்க."

மறுநாள் காலையில் அவர் போய்விட்டார். அப்போது பக்கத்தில் இருந்த நர்ஸ், கடைசிவரை ஏதோ ஊர்ப் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்றார். எங்கள் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்தோம். பலகையில் எழுத ஆயர் ஊர் கேட்டபோது, அந்த இடத்தை வெறுமையாக விடச் சொன்னேன். எந்தப் பட்டியிலோ ஒரு வீட்டில் அவரை இன்னமும் தேடிக்கொண்டிருக்கலாம். அவரோ நான் சொன்ன ஊரை நம்பிப் போய்விட்டார்.