சவூதியில் கொழுத்த மல்லன்

அந்தக் கார்டை யாரோ ஓதி ஊதித்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை. அதற்கு எதிரே போய் இருப்பதற்கு முன், பள்ளிக்கூடத் தண்ணீர்ப் பைப்பில் முகம், கை, கால் கழுவி ஒளுச் செய்துகொண்டு போகுமளவுக்கு நம்பினேன். தொழக் கூப்பிட்டால் வயிற்றுவலி வந்துவிடுகிற பொடியன் நான்.

தொண்ணூறுகளில் எங்களுக்கெல்லாம் ரெஸ்லிங் கார்ட் பைத்தியம். கல்முனைச் சந்தையில் பெட்டியாக விற்றார்கள். ஒவ்வொரு கார்டிலும் ஒரு மல்லன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பான். கீழே அவனுடைய உயரம், நிறை, நெஞ்சளவு. இன்டவலில் இருவர் எதிரெதிரே குந்தி, ஆளுக்கொரு கார்டைத் தெரிந்து கவிழ்த்து வைப்போம். முறை வந்தவன் "நிறை" என்றோ "உயரம்" என்றோ கூவுவான். புரட்டிப் பார்த்து, எவனுடைய எண் பெரிதோ அவனுக்கு இரண்டு கார்டும். நிறையில் யானையாக இருப்பவன் உயரத்தில் கத்தரிக்காயாக இருப்பான். எதிராளி எந்த மல்லனை வைத்திருக்கிறான் என்று அவன் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு. நான் குண்டனை வைத்துவிட்டு, வாத்தியாரிடம் அடி வாங்கியவன் போல முகத்தைத் தொங்கப் போடுவேன். நன்றாகப் பலித்தது.

வகுப்பில் எனக்குப் பின் வாங்கில் இருந்தவனின் வாப்பா சவூதியில் லொறி ஓட்டினார். அவர் அனுப்பிய பார்சலில் சம்பூப் போத்தல்களுக்கு நடுவே ஒரே ஒரு கார்ட் வந்திருந்தது. எண்கள் எங்களுக்குத் தெரிந்த எண்கள்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பொடியாக அரபு எழுத்து. நாங்கள் எல்லோரும் குர்ஆன் ஓதத் தெரிந்தவர்கள். அர்த்தம் ஒருவனுக்கும் தெரியாது. மேலே கீழே குறி போடாத எழுத்தாகையால் அதை ஆளுக்கொரு மாதிரி வாசித்தோம். மல்லனுக்குப் பலம் கொடுக்கிற துஆ அது என்று நான் முடிவு கட்டினேன்.

பலம் வந்துதான் இருந்தது. எங்கள் பெட்டியின் பெருங்குண்டனுக்கு நிறை 190, இவனுக்கு 236. எங்கள் நெட்டையனுக்கு உயரம் 84, இவனுக்கு 198. நெஞ்சளவும் அப்படியே. எதைக் கூவினாலும் தோல்வி. பின் வாங்குக்காரன் வேறு கார்ட் வைப்பதையே விட்டுவிட்டான். முகம் பார்ப்பது, ஏமாற்றுவது எல்லாம் போயிற்று. சில பொடியன்கள் கவிழ்த்து வைக்கும் கரைச்சல்கூட இல்லாமல், வரி கட்டுவது போலத் தங்கள் கார்டை அவன் கையில் கொடுத்துவிட்டு பணிஸ் தின்னப் போனார்கள்.

நானோ அதை நேராகப் பார்ப்பதே இல்லை. அவன் புரட்டும்போது கண்ணை மூடிக்கொள்வேன். ஒருநாள் அது என் முழங்காலில் பட்டுவிட்டது. பின்னேரம் முழுக்க முழங்கால் வீங்குகிறதா என்று தடவித் தடவி, கடைசியில் தடவியதாலேயே வலித்தது.

இப்படியே என்னிடம் ஒற்றைக் கார்ட் மிஞ்சியது. பச்சைக் காற்சட்டை, சுருட்டைத் தாடி மல்லன். அதுவும் போனால் விளையாட்டில் எனக்கு இடமில்லை. சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறவர்களோடு நிற்க வேண்டியதுதான்.

"வை மச்சான்," என்றான் அவன். "அடைகாத்துக் குஞ்சா பொரிக்கப் போறாய்?"

வைத்தேன்.

"நிறை!"

இரண்டையும் புரட்டினோம். பயத்தின் உச்சத்தில் அன்று கண்ணை மூட மறந்துபோனேன். பார்த்தால், அவன் கார்டிலும் பச்சைக் காற்சட்டை. அதே சுருட்டைத் தாடி. அதே முறைப்பு. அவனுடையதில் 236, என்னுடையதில் 107.

அவன் கை நீண்டது. நான் என் கார்டின் மேல் உள்ளங்கையைப் போட்டு அழுத்தினேன்.

"தரமாட்டன்."

"என்னடா தரமாட்டாய்? தோத்துப் போனாய்."

"ரெண்டும் ஒரே ஆள்டா. ஒரு மனிசனுக்கு ரெண்டு நிறையா?"

"சவூதிக்குப் போய்க் கொழுத்திட்டான். எங்கட வாப்பாவும்தான் போட்டோவில ரெண்டு மடங்கா இரிக்கார்."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அந்தப் போட்டோவை நானும் பார்த்திருந்தேன். ஆனால் கை எழும்பவில்லை.

"சரி, கொழுத்தான். உயரமுமா கொழுக்கும்? நூற்றித் தொண்ணூற்றெட்டு அங்குலம்! நம்மட வகுப்புக் கூரையப் பிச்சிக்கிட்டு தலை வெளியால நிக்கும். உன்ட வாப்பா போட்டோவில கூரைக்கு மேலாலயா நிக்கார்?"

இப்போது சிரிப்பு என் பக்கம் வந்தது. அவனுக்கு முகம் சிவந்தது.

"அப்ப அரபில எழுதினது பொய் எண்டு சொல்லுறியா? சொல்லு பாப்பம்."

சிரிப்பு நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முழங்கால், காது, நாக்கு எல்லாம் ஒரே நேரத்தில் வீங்குவது போல எனக்கு இருந்தது. தெரிந்த ஓதல்களையெல்லாம் மனதுக்குள் ஒரே மூச்சில் ஓதினேன். பதற்றத்தில் ஒன்றின் நடுவே இன்னொன்று புகுந்தது. உள்ளங்கை வியர்த்துக் கார்ட் நனைந்தது. அப்படியும் கையை எடுக்கவில்லை.

"அரபியச் சொல்லல்ல. உன்ட கார்டச் சொல்லுறன். அந்தக் கார்ட நீ வைக்கிற வரைக்கும் நான் வைக்கமாட்டன். ஏலுமெண்டா என்ட கைய வெட்டிப்போட்டு எடு."

கை வெட்டுவதற்கு அவனிடம் ஒன்றும் இருக்கவில்லை. தன்னுடைய கார்ட் முழுவதையும் அவனுக்குக் கொடுத்து முடித்திருந்த ஒல்லிப் பொடியன் ஒருவன் பின்னாலிருந்து, "நானும் வைக்கமாட்டன்," என்றான்.

"உன்னட்ட வைக்க என்னடா இரிக்கி?"

"இருந்தாலும் வைக்கமாட்டன்!"

மணி அடித்தது. அவன் சவூதி மல்லனை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, எல்லோரையும் பொறாமை பிடித்த நாய்கள் என்று ஏசிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அந்தக் கார்டோடு வந்து அவன் குந்தினால் ஒருவரும் எதிரே இருக்கவில்லை. அது இல்லாமல் வந்தால் இருந்தோம். கொஞ்ச நாளில் இல்லாமலே வரப் பழகிக்கொண்டான்.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அவன் வாப்பா லீவில் வந்தார். நான் வீட்டுக்கே போய், கார்டை எடுத்துவரச் சொல்லி, அந்த எழுத்து என்ன என்று அவரிடம் கேட்டேன். எங்கள் பெட்டியில் உயரமும் நெஞ்சளவும் அங்குலத்தில், நிறை கிலோவில் இருந்தன; சவூதிக் கார்டில் உயரத்தையும் நெஞ்சளவையும் சென்றிமீற்றரில் போட்டிருந்தார்கள். நிறைக்குப் பக்கத்தில் எழுதியிருந்தது இறாத்தல். நாங்கள் கடையில் பாண் வாங்குகிற இறாத்தல்தான். இருநூற்று முப்பத்தாறு இறாத்தல் என்பது நூற்றேழு கிலோ.